தனக்கே எழுதிய வேலை விளம்பரம்

பம்ப் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லாரும் 'டெம்பரவரி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழு வருடமாகத் தற்காலிக எழுத்தர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். இதில் வேடிக்கை, அவர் வேலை பார்த்ததே ஆள் எடுக்கும் பிரிவில்தான். மற்றவர்களுக்கெல்லாம் நியமன உத்தரவு அடித்துக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலி தனதுதானா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"இனிமே டெம்பரவரியே கிடையாதுன்னு தலைமை அலுவலகம் சொல்லிடுச்சு. உங்க வேலையை நிரந்தரமாக்கறாங்க. ஆனா பேப்பர்ல விளம்பரம் குடுத்துத்தான் எடுக்கணுமாம். அதுல நீங்க தேர்வாகலைன்னா இந்த மாசத்தோட சரி. விளம்பரத்தை நீங்களே எழுதிடுங்க. உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா உள்ள வரக் கூடாது. புரியுதா?"

புரியாமல் என்ன? ஆளை முடிவு செய்துவிட்டு அவருக்கு அளவெடுத்து விளம்பரம் தைப்பதில் டெம்பரவரி கைதேர்ந்தவர். மேனேஜரின் மைத்துனருக்காக எழுதியதில் உயரத்தைக்கூட விடவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தன்னைத் தானே அளவெடுத்தார். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சண்டைக்கு வருகிறவரை உட்காரவைத்துச் சமாதானம் பண்ணுவார். லீவு போட மாட்டார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இதைப் பேப்பரில் போட்டால் மானம் போய்விடும் என்று தோன்றியது. ஏழு வருடத்துக்கு முன் இங்கே கொடுத்த பயோடேட்டாவைத் தேடி எடுத்தார்.

அதில் இருந்த ஆளே வேறு. பிரெஞ்சு சரளமாகப் பேசுவான். கணக்கு மென்பொருளில் புகுந்து விளையாடுவான். நாற்பது பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவன். பழைய கம்பெனி சுற்றுலாவில் பஸ்ஸுக்குள் தலை எண்ணியதைத்தான் அப்படி எழுதியிருந்தார்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இது? எனக்கு இவரைக் கட்டி வச்சிருக்கலாமே!"

"சும்மா இரு. இப்படி ஒரு ஆள் உலகத்துலயே கிடையாது. அதனால யாரும் அப்ளை பண்ண மாட்டாங்க."

"நீங்களும் அவர் இல்லையே?"

"என்னை யாரு கேள்வி கேக்கப் போறா?" என்று அதையே விளம்பரமாக எழுதி முடித்தார், மகா புத்திசாலி.

விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். அவரும், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும். நேர்காணலன்று பழக்க தோஷத்தில் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபீஸ் ஆள் என்று நினைத்து அவள் மனம்விட்டுப் பேசினாள்.

"ஒரு வருஷமா தேடறேன் சார். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு வரி என்னை வெளிய தள்ளிடும். இது மட்டும்தான் என்னை நேர்ல பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு. எழுதினவங்க நல்லா இருக்கணும்."

தள்ளிவிட்ட வரிகளில் சில தன்னுடையவையாக இருக்கலாம் என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. அசடு வழியச் சிரித்து வைத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டார். பிரெஞ்சிலும் கேட்டார். டெம்பரவரிக்கு அந்த மொழியில் வணக்கம் தெரியும், நன்றி தெரியும். நடுவில் பேச வேண்டியதுதான் தெரியாது. வணக்கம் சொல்லி, கையோடு நன்றியும் சொல்லிவிட்டார். மேனேஜர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து உள்ளே போன பெண் ஒரு மணி நேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

அவளுக்கு நியமன உத்தரவு அடித்தவர் டெம்பரவரிதான். தேர்வாகாதவருக்கு வருத்தக் கடிதம் அடிப்பதும் அவர் வேலை. 'தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம்' என்று ஆரம்பிக்கும். உறையைக்கூடப் பிரிக்காமல் எத்தனையோ பேருக்கு அனுப்பிய வரி. இந்த ஒரு தடவைதான் அது பொய்யில்லை. தன் பெயரையும் விலாசத்தையும் அடித்தார். வழக்கத்தில் இல்லாத நாலு நல்ல வார்த்தைகளைக் கீழே சேர்த்தார். விதிப்படி தபாலில் போட்டார். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை என்று இரண்டு நாள் ஓட்டினார். பெண்டாட்டியிடம் சொல்லத் தைரியமில்லாத வீரர்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மனைவி நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"வேலை இல்லைன்னுட்டாங்க. ஆனா எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க பாருங்க. உங்களை மாதிரி ஒருத்தரை விட மனசே வரலையாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது நான் எழுதினது."

அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேற யாரு எழுதப் போறா? ஏழு வருஷத்துல அங்க உங்களைத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே."