வாய் மூடும் வைத்தியம்

இறந்தவர்களைக் கிடத்தி இறுதி மரியாதை நடத்தும் அந்த அஞ்சலி இல்லத்தில் துக்கத்துக்கென்று ஒரு மேலாளர் இருந்தார். ‘துயர மேலாண்மை’ என்று கதவில் பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கீழே, வாசல் கூடத்தில் கறுப்புக் கோட்டுடன் நின்று, வருகிறவர்களின் கையைப் பிடித்து உடலருகே அழைத்துப்போவது ஒருவனுடைய வேலை. ஆள் தங்கமானவன். மேல்வரிசையில் நான்கு பற்கள் துருத்திக்கொண்டு நின்றதால் உதடுதான் மூடாது. எவ்வளவு உருகி நின்றாலும் இளிப்பதுபோலவே இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் இளிச்சவாயன் என்று கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

ஒரு நாள், கணவனை இழந்த அம்மாள் ஒருத்தி நடுக்கூடத்தில் நின்று கத்தினாள். “என் வீட்டுக்காரர் கட்டையா கிடக்கிறார், இவன் என்னைப் பார்த்து இளிக்கிறான்!”

மேலாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். “தம்பி, நாம விக்கிறது பெட்டி இல்ல, கண்ணியம். அந்தக் கண்ணியத்துல உன் பல்லு துருத்திக்கிட்டு நிக்குது. மாசக் கடைசிக்குள்ள வாயை மூடிக் காட்டு. இல்லேன்னா பழையபடி பின்னாடி போயிடு.”

பின்னாடி என்றால், உடல்களைக் கழுவித் தயார்செய்யும் அறை. அவன் அங்கே வருடக்கணக்கில் கிடந்தவன். அந்த மருந்து நெடி நகக்கண்ணில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் இறங்காது. அப்போதெல்லாம் அவன் தூக்க வந்தால் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடுவாள். கூடத்துக்கு மாறிய பிறகுதான் அவன் மடியில் ஏறினாள்.

முதலில் பல்லுக்குக் கம்பி போடும் டாக்டரம்மாவிடம் போனான். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. பக்கத்துக்கு ஒண்ணு எடுத்துட்டுக் கம்பி போட்டா, நாலும் மெதுவா உள்ள வந்துடும். ரெண்டு வருஷம் ஆகும்.”

“மாசக் கடைசிக்குள்ள வேணும்மா.”

“பல்லு எலும்புக்குள்ள நகரணுங்க. மேசையா அது, தள்ளிப் போட?”

அதே கட்டடத்தின் மாடியில் இன்னொருவர் இருந்தார். பல் டாக்டர் என்றால் கோபித்துக்கொள்வார். பலகையில் ‘புன்னகைச் சிற்பி’ என்று போட்டிருந்தது.

“எந்தச் சிரிப்பு வேணும்? நடிகர் சிரிப்பு இருக்கு. தொழிலதிபர் சிரிப்பு இருக்கு.”

“சிரிப்பே வேணாம் டாக்டர். வாய் மூடினா போதும்.”

சிற்பி பேனாவைக் கீழே வைத்தார். கலைஞனை இப்படி யாரும் அவமானப்படுத்தியதில்லை. ஆனால் சீக்கிரமே தேறிக்கொண்டார். “நாலையும் குச்சியா ராவிட்டு, நரம்பை எடுத்துட்டு, உள்பக்கமா சாய்ச்சு மேல உறையா கேப்பு போட்டுடலாம். ரெண்டு தடவை வந்தாப் போதும்.”

“பல்லு நல்லா இருக்குன்னு கீழ சொன்னாங்களே?”

“நல்லா இருக்கிறதாலதானே ராவ முடியுது!”

வீட்டில் மனைவி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். “அந்த ஆளு துக்கம் விக்க உன் பல்லா கெடச்சது? கம்பியைப் போட்டுக்க. ரெண்டு வருஷம்தானே, பின்னாடியே இருந்துட்டுப் போ.”

“ரெண்டு வருஷத்துல பாப்பா வளந்துடுவா. அப்புறம் மடியில யாரு ஏறுவா?”



ராவினார்கள். உதடு மூடியது. மேலாளர், புதுக் கார் வாங்க வந்தவர் மாதிரி அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கண்ணியம்!” என்றார்.

சில வாரங்களில் ஈறு வலியில் தெறிக்க ஆரம்பித்தது. அவன் தாடையை இறுக்கிக்கொண்டு நிற்பான். கண்ணில் தண்ணீர் தானாகக் கட்டும். அவன் கையைப் பிடித்தவர்கள் அதைப் பார்த்துக் கூடுதலாக அழுதார்கள். மேலாளர் மற்ற ஊழியர்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார். “பாருங்கய்யா, இதுதான் துயரம். நீங்களும்தான் நிக்கிறீங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி!”

சிற்பி, “பழகிடும்” என்றார். கீழே டாக்டரம்மா மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். முகம் சுருங்கியது. “ரெண்டு வேர் வெடிச்சிருக்கு. சீழ் மேல ஏறுது. இன்னிக்கே புடுங்கணும்.”

“அப்புறம் கம்பி போட்டுக்கலாமாம்மா?”

“எதை நகர்த்த? கண்ணு வரைக்கும் வீங்கிச்சுன்னா எங்கிட்ட வராதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.”

அவன் விடுப்புக் கேட்டான். மேலாளர் பதறிப்போனார். “பெரிய இடத்துச் சாவு வந்திருக்கு! இந்த முகம் இல்லாம நான் என்ன பண்ணுவேன்? முடியாதுன்னா சொல்லிடு. பின்னாடி ஆள் தேவைப்படுது.”

அவன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு கோட்டை மாட்டினான்.

பெரிய இடம்தான். பெட்டியைச் சுற்றி மலர்வளையங்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. மூத்த மகன் வாசலில் யாருடைய காரை எங்கே நிறுத்துவது என்று கத்திக்கொண்டிருந்தான். இளையவன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். மருமகள்கள் ஒருத்தி புடவையை ஒருத்தி அளந்தார்கள். இறந்தவரின் மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, இவன் முகத்தில் நின்றாள்.

“இங்க வாப்பா. நீ ஒருத்தன்தான் அழுற.”

அவனை இழுத்து, முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மேலாளர் தூணோரமாக நின்று பெருமையில் கண்ணை மூடினார். அவனுடைய கன்னம் கொதித்தது. அப்போது ஈறுக்குள் ஏதோ உடைந்து, வாய் முழுக்க வெதுவெதுப்பாகக் கசப்பு நிறைந்தது. எதிரே பெட்டி. பக்கத்தில் குடும்பம். துப்ப இடமில்லை. விழுங்கினான். மறுபடி ஊறியது.

“எடுத்துட்டுப் போற வரைக்கும் எங்கூடவே இருப்பா,” என்று அந்த அம்மாள் அவன் கையை இறுக்கிக்கொண்டாள்.

தலையை மட்டும் ஆட்டினான்.