அம்சவள்ளிக்கு ஏழு வயது

அம்சவள்ளிக்கு ஏழு வயதாகி ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது. கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் இரண்டாம் வகுப்பு. விசாரிக்க வந்த அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியதோடு சரி.

மலையில் பிள்ளை பிறந்தால் தகப்பன் போய் வேங்கை மரத்தைக் கீறி, வடிகிற சிவப்புப் பாலைக் கொட்டாங்கச்சியில் பிடித்துவந்து நெற்றியில் பொட்டு வைப்பான். காய்ந்தால் கறுப்பு. அந்த மரம் வளர வளரத்தான் பிள்ளையும் வளரும்; பிறகு அதில் யாரும் கோடாலி வைக்கக் கூடாது. பெண்கள் வேங்கையில் கத்தி வைக்கவே கூடாது. அம்சவள்ளி பிறந்தபோது தகப்பன் பிச்சைமுத்து களமருதூரில் நெல் அறுக்கப் போயிருந்தான். தன் அப்பன் மேற்குச் சரிவு மரத்தில் பால் பிடித்துவந்ததாக மனைவி ரங்கம்மாள் சொன்னாள். அந்தக் கிழவன் அடுத்த மாதமே செத்தான்.

எழுபத்தொன்றில், அம்சவள்ளிக்கு ஏழு வயதானபோது, காண்டிராக்டர் வந்தார். தண்ணீர் நிற்காத பாறைச் சரிவில் நூறு வருடம் நின்ற வேங்கைகள் அவருக்கு வெறும் கதவும் நிலையும்தான். கூலிக்கு வெட்டப் போன பிச்சைமுத்து, அவர் காலில் விழுந்து மேற்குச் சரிவு மரத்தைக் காப்பாற்றினான். பாறைமேட்டு மரத்தைத் தன் கையால் சாய்த்தான்.

மூன்று வருடம் கழித்தும் அம்சவள்ளிக்கு அதே பாவாடை சரியாக இருந்தது. அப்போதுதான் ரங்கம்மாள் வாயைத் திறந்தாள்.

“பாறைமேட்டு மரத்துல நாந்தான் கத்தி வெச்சிப் பால் புடிச்சேன்.”

“வெட்டப் போறப்ப சொல்றதுக்கு இன்னா?”

“பொம்பள வெச்ச பொட்டு புடிக்காதுன்னு நெனச்சேன்.”

“நல்லாத்தான் புடிச்சிருக்கு” என்றான் பிச்சைமுத்து. அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. வெட்டிய அடிமரம் நாலு முறை துளிர்த்தது, நாலு முறையும் கருகியது. ரங்கம்மாள் செத்த அன்று மட்டும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

எண்பது வயதில், தனக்குப் பிறகு மகளுக்கு யார் என்று கேட்டு வீடு வீடாகப் போனான்.

“ஆளுக்கு ஒரு வருசம் வெச்சிக்குங்க. ஜாஸ்தி துன்னாதுங்க.”

யாரும் மறுக்கவில்லை. தை மாதம் செத்தான்.

இந்த வருடம் ஜெயம்மாள் வீட்டு முறை. இரண்டாம் வகுப்பில் அம்சவள்ளி பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது பேரன் பேத்தி எடுத்தவள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அம்சவள்ளி வந்து கையைப் பிடித்து இழுக்கிறாள்.

“வாடி ஜெயா, பாண்டி ஆடலாம்.”

“இருடி, ஒலய எறக்கிட்டு வரேன்.”

ஜெயம்மாளுக்கு முட்டி வலி. உலையை இறக்கிவிட்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு போகிறாள்.