மாதாவுக்கு வாங்கிய வார்னிஷ்

1

"ஆரும் பாக்காத பாவத்தைக் கடவுள் எழுதிவைப்பார் எண்டா, ஆரும் பாக்காத நன்மையை ஆர் எழுதுவினம்?"

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஜெயனி என்ற எட்டு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்டது. இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

"அதையும் அவரே எழுதுவார்" என்றேன்.

"அப்ப ஏன் சேர்ச் கதிரையில காசு குடுத்த ஆக்களின்ர பேர் எழுதியிருக்கு?"

அப்படியொரு கதிரையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். பெயர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. (ஆம், என்னுடைய பெயர்தான்.) வகுப்பு முடிய மணி அடித்தது. மீதிப் பதிலை ஒரு கதையாக எழுதித் தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய ஒரு காலையில், ஏழை விதவை ஒருத்தி…"

வேண்டாம். ஏழை விதவையைக் கண்டதும் வாசகர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். விதவை இருக்கட்டும், ஏழையாக வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: "அருமைநாதன் ஒரு துவக்கு வாங்க நினைத்தார்."

பக்தியுள்ள ஒருவன் எழுதும் கதையில் துப்பாக்கியா என்று கேட்பீர்கள். பழைய துவக்குகளுக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று ஒரு வாரம் வாசித்துவிட்டேன். வாசித்ததை வீணாக்க மனம் வரவில்லை.

அருமைநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. டோர்வல் விமானநிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிறார். ரொக்ஸ்பரோவில் வீடு. போர்க்காலத்தில் மன்னாரில் இருந்தபோது துவக்கின் எந்தப் பக்கம் நிற்பது என்பது அவர் கையில் இருக்கவில்லை. கடல் கடந்து இங்கே வந்தபின் பக்கத்து வீட்டு றெஜான்தான் அவரைப் பின்பக்கம் நிற்கப் பழக்கினார். லைசென்ஸ் பரீட்சைக்குப் படிப்பித்து, பதினைந்து இலையுதிர்காலங்கள் வாத்து வேட்டைக்குக் கூட்டிப்போனார். இந்த வசந்தத்தில் றெஜான் இறந்துபோனார்.

3

றெஜானின் துவக்கு 1956இல் பெல்ஜியத்தில் செய்யப்பட்டது. அரைத் தானியங்கி. ஒருமுறை சுட்டால் குழாய் பின்னால் உதைத்து வந்து, வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். பின்பகுதி கூன் விழுந்ததுபோல் இருக்கும். மரப்பிடியில் றெஜானின் கன்னம் பட்டுப் பட்டு ஓரிடம் கறுத்திருந்தது.

அதை அருமைநாதனுக்கே விற்க முடிவுசெய்தவர் றெஜானின் மனைவி கொலெத்.

"நான் முதியோர் இல்லத்துக்குப் போறன். அங்க இதை என்னண்டு கொண்டுபோறது? நீர் துவக்குக் கடையில காட்டி விலை கேட்டு வாரும். அவங்கள் சொல்லுற விலைக்கு நீரே எடும்."

"விலை கூடவெண்டாலும் எடுப்பன், மடாம்."

"சும்மா தாறன் எண்டு மட்டும் நினையாதையும். றெஜான் எழும்பி வந்து சண்டை பிடிப்பான். தோட்டா வாங்க எனக்கு ஒளிச்சுக் காசு வச்ச ஆளல்லோ! நேற்றும் அவன்ர சப்பாத்துக்குள்ள இருபது டொலர் எடுத்தனான்."

(கொலெத் உண்மையில் பிரெஞ்சில்தான் பேசினார். இந்த மாகாணத்தில் எல்லோரையும் தமிழில் பேசவைக்கும் அதிகாரம் கதை எழுதுகிறவனுக்கு மட்டுமே உண்டு.)

4

ஆண்டுதோறும் மடுமாதா திருவிழாவுக்கு முன் கோவிலில் மாதா சுருவம் நிற்கும் மரப்பீடத்தைத் தேய்த்து வார்னிஷ் பூசுவது அருமைநாதனின் பொறுப்பு. ஒரு பொருளுக்கு மரியாதை செய்ய அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கராஜில் அரை டின் மிச்சம் இருந்தது.

"என்னப்பா, மாதாவுக்கு வாங்கினதையோ துவக்குக்குப் பூசுறியள்?" என்றாள் மனைவி நிரஞ்சனி.

"மிச்சம்தானே. செத்த மனுசன்ர சாமானை ஊத்தையோட கடைக்குக் கொண்டுபோறதே?"

"பூசுங்கோ. பேந்து தோளில வச்சுப் பவனியும் கொண்டுபோங்கோ."

இரண்டு மாலைகள் வேலை செய்தார். சட்டி தேய்க்கும் கம்பித்தும்பால் இரும்பின் நீலக்கறுப்பைத் தேய்த்து வெள்ளியாக்கினார். மரத்தின் கறுத்த இடம் போயே போய்விட்டது.

கடையில் விலை போடுபவர் இலக்கத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மரப்பிடியைத் திருப்பினார்.

"இதை ஆர் செய்தது?"

"நான்தான்" என்றார் அருமைநாதன், பாராட்டுக்குக் காத்திருந்த முகத்துடன்.

"பழைய துவக்குக்கு விலை அதின்ர பழைய பூச்சிலதான். தொடாமல் கொண்டுவந்திருந்தா ஆயிரத்து நானூறு. இப்ப அறுநூறு."

அறுநூறு என்று கடிதமும் எழுதித் தந்தார்.

5

இந்த இடத்தில் எனக்கு அருமைநாதன்மேல் சந்தேகம் வந்தது. அவருடைய கைப்பிழையால் வாங்குகிறவருக்கு எண்ணூறு லாபம். வாங்குகிறவரும் அவரே. வேண்டுமென்றே திட்டமிட்ட ஒரு திருடன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கமாட்டான்.

"அவருடைய மனச்சாட்சி அவரை…"

அந்த வரியை அடித்துவிட்டேன். மனச்சாட்சி வந்தால் பிரசங்கமும் பின்னால் வரும்.

அவர் உண்மையைச் சொல்லத்தான் போனார். ஆனால் கொலெத் உறையைத் திறந்து துவக்கைப் பார்த்தார். விரலால் தடவினார்.

"அவன் வாங்கின நாளில இப்படித்தான் மினுங்கியிருக்கும்" என்றார். அழுதார். அறுநூறையும் எண்ணாமல் வாங்கி வைத்தார்.

வீட்டில் நிரஞ்சனி கேட்டாள்: "சொன்னனீங்களோ?"

"இல்லை. அவ அழுதவ."

"சந்தோசத்திலயோ?"

"ஓம்."

"அப்ப சொல்லாதேங்கோ. ஆனா அந்த எண்ணூறு எங்கட வீட்டில நிக்கக்கூடாது. என்ன செய்தாலும் எனக்கும் சொல்லாதேங்கோ. நான் நாலு பேருக்குச் சொல்லிப்போடுவன்."

6

முடிவுகள் சில என்னிடம் இருந்தன.

அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், கொலெத் மன்னிக்கிறார். (அருமைநாதனின் மனம் லேசாகும். கொலெத் தடவிய அந்த மினுக்கம் போய்விடும். ஒருவர் தன் பாரத்தை இறக்கி இன்னொருவர் மடியில் வைப்பதற்குப் பெயர் நேர்மையா, தெரியவில்லை.)

எண்ணூறையும் கோவில் உண்டியலில் போடுகிறார். (பங்குத்தந்தைக்குப் பிடிக்கும். ஆனால் அருமைநாதன் கடன்பட்டது கடவுளிடம் அல்ல, கொலெத்திடம்.)

அதைக் கொலெத்துக்கே பரிசாகக் கொடுக்கிறார். (கொலெத் வாங்கமாட்டார். சும்மா தராதவர் சும்மா எடுக்கவும் மாட்டார்.)

7

எனவே ஒரு சனிக்கிழமை நண்பகல். கொலெத் வீடு மாறும் நாள். நிலவறையிலிருந்து பெட்டிகளை மேலே கொண்டுவர அருமைநாதன் வருகிறார். அங்கே றெஜானின் வேட்டைக் கோட்டு ஆணியில் தொங்குகிறது.

"அதையும் கொண்டு வாரும். ஏழையளுக்குக் குடுக்கப்போறன்" என்கிறார் கொலெத். "ஆனா ஒரு பொக்கற்றும் விடாமல் பாத்துத்தான் குடுப்பன். அந்தக் கள்ளனை எனக்குத் தெரியும்."

இதற்கு முன், தெருவில் நிறுத்திய காருக்குள் அருமைநாதன் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் கூடுதல் வேலை செய்து சேர்த்த எண்ணூறு, இருபது டொலர்த் தாள்களாக நாற்பது. வங்கியில் புத்தம்புதிதாகத் தந்துவிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கசக்கினார், மடித்தார், நிமிர்த்தினார், மறுபடி கசக்கினார். பழையது பழையதாகத்தான் இருக்கவேண்டும் என்பதை எண்ணூறு டொலருக்குப் படித்திருந்தார்.

(இது பொய்யா? நன்மையின் முழுப் பெயரும் செத்த றெஜானுக்குப் போகும் என்பதால், பெரிய பொய்யாக எனக்குத் தெரியவில்லை. ஜெயனியிடம் கேட்டுச் சொல்கிறேன்.)

இப்போது அவர் அந்தத் தாள்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்குகிறார். பின்னாலேயே போக எனக்குக் கால் துடிக்கிறது. போனால், பார்த்த ஆள் ஒருவர் இருப்பார். எழுதினால், அருமைநாதனின் பெயரையும் ஒரு கதிரையின் முதுகில் ஒட்டியதாகிவிடும்.

நான் மேல்படியிலேயே நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள். அவர் கோட்டுடன் மேலே வரும்போது முகத்தைப் பார்க்கவேண்டாம். கொலெத் கோப்பி ஊற்றுகிறார், உங்களுக்கும் ஒரு கோப்பை இருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடியுங்கள்.