இடது காதில் இல்மா

ஹெம்லாக் மாவட்டத்தின் சரித்திரத்தில், செத்து ஐந்து நாள் கழித்து வயர்லெஸ்ஸில் பதில் சொன்ன ஒரே ஆள் என் மனைவி இல்மாதான். நானே என் காதால் கேட்டேன்.

இதைச் சொன்னால் எங்கள் ஊர் காபிக்கடையில் எல்லோரும் கோப்பைக்குள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் முப்பத்து மூன்று வருடம் மாவட்டத்துக்குப் பனி வாரும் வண்டி ஓட்டியவன். எழுபத்தொன்பதாம் வருடப் பனியில் வண்டி ஏதோ மேட்டில் ஏறுகிறதே என்று பார்த்தால், கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிலுவை நின்றது, அப்புறம்தான் லூத்தரன் தேவாலயத்தின் கூரைமேல் இருக்கிறேன் என்று தெரிந்தது என்று அதே கடையில் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். பாதிரியார்கூட அதை மறுத்ததில்லை. மறுத்தவன் டெல்பர்ட் ஒருவன்தான்.

டெல்பர்ட் தொலைபேசிக் கம்பத்தில் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பத்தின் மேலிருந்து பார்த்தால் எல்லாமே அதனதன் அளவில்தான் தெரியும் என்பான். எனக்கு வேறு நண்பன் கிடையாது.

என் வீட்டுத் துணி உலர்த்தும் இயந்திரத்தின்மேல் இரண்டு வயர்லெஸ் ஸ்கேனர்கள் இருக்கின்றன. ஒன்று தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சைப் பிடிக்கும். மற்றது ஷெரீப்பின் ஆட்களையும் பனி வண்டிக்காரர்களையும். இரண்டையும் ஒரு பழைய கணினியில் செருகி, பதினான்கு வருடமாக இணையத்தில் விடுகிறேன். எங்கே புகை என்று தெரிந்துகொள்ள ஊரே அதைத்தான் கேட்கும். கேட்பவர்கள் பத்து லட்சம் பேர் என்று நான் சொல்வேன். நாற்பத்திரண்டு என்று டெல்பர்ட் சொல்வான்.

சண்டை எண்ணிக்கையில் இல்லை, ஸ்டீரியோவில். நான் ஆம்புலன்ஸை இடது காதுக்கும் ஷெரீப்பை வலது காதுக்கும் பிரித்து விட்டிருந்தேன். டெல்பர்ட் மோனோ கட்சி. "அடுப்படி மேடையில ஃபோன வச்சுக் கேக்குறவளுக்கு எதுக்குடா ரெண்டு பக்கம்? ரெண்டையும் ஒண்ணாக் கலந்து விடு, பாதி டேட்டாதான் ஆகும்" என்பான். "ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசுனா எவன் என்ன சொன்னான்னு எப்படிறா பிரிக்கிறது?" என்பேன் நான். இது வெளியே சொல்லும் காரணம்.

சொல்லாத காரணம் வேறு. இல்மா முப்பத்தொரு வருடம் தன்னார்வ ஆம்புலன்ஸில் ஓடியவள். வயர்லெஸ்ஸில் அவள் பெயர் நாற்பத்தேழு. பனிப்புயல் அடித்தால் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் அலைவரிசை வேறு, என்னுடையது வேறு. நான் பாதை வெட்டிக்கொண்டு போவேன், பின்னால் அவள் நோயாளியோடு வருவாள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. காலையில் வீடு வந்து, பதிவைக் காதில் மாட்டும் தலையணிக் கருவியில் போட்டால் இடது காதில் அவள், வலது காதில் நான். கட்டிலிலும் அவள் இடது பக்கம்தான். நாங்கள் சேர்ந்து வேலை செய்த ஒரே இடம் அந்தக் கருவிக்கு நடுவிலிருந்த என் மண்டை.

கை வேலையாக இருந்தாலோ, வாயில் இறைச்சி அடைத்த பேஸ்ட்டி இருந்தாலோ, இல்மா கட்டுப்பாட்டு அறைக்குப் பேசிப் பதில் சொல்ல மாட்டாள். பொத்தானை இரண்டு தடவை அழுத்துவாள். டிக், டிக். வந்துட்டேன் என்று அர்த்தம். அது விதிப்படி தப்பு. கட்டுப்பாட்டு அறை நோரீன் எழுத்தில் இரண்டு முறை புகார் கொடுத்துவிட்டு, பிறகு விட்டுவிட்டாள்.

போன பிப்ரவரியில் இல்மாவை நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி மார்கெட் என்ற ஊரின் மருத்துவமனையில் சேர்த்தோம். வலது விலாவில் குழாய். இடது பக்கமாகவே படுக்க வேண்டும். இடது காது தலையணைக்குள். வலது காதில் மட்டும் செருகிக்கொண்டு என் ஒலிபரப்பைக் கேட்டாள்.

"பத்து நாளா உன் ஆளுங்க பேச்சுதான் கேக்குது ஆர்விட்," என்றாள். "என் ஆளுங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்களா?"

"அவங்க இடது பக்கம் பேசுறாங்க இல்மா. இடது காதுக்கானத எடுத்து வலது காதுல மாட்டிக்கோ."

மறுநாள் போனபோது சொன்னாள்: "மாத்தி மாட்டுனேன். என் ஆளுங்க வந்தாங்க. உன் பனி வண்டிங்க போயிடுச்சு. எனக்கு ரெண்டும் வேணும். இருக்குறது ஒரு காது."

நான் அன்றே வீட்டுக்கு வண்டியை விரட்டி, கணினியில் மோனோ என்ற கட்டத்தை அழுத்தினேன். அந்த நிரலில் ஒரு வம்பு உண்டு. கட்டத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஒலிபரப்பை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். இல்லையென்றால் திரையில் ஒன்று இருக்கும், காற்றில் வேறொன்று போகும். நிறுத்தினேன், தொடங்கினேன். டெல்பர்ட்டிடம் சொன்னேன். பதினான்கு வருடச் சண்டையில் ஜெயித்தவன் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அப்போதுதான் இல்மா பிழைக்க மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

பதினோரு நாள் ஒரே காதில் எங்கள் இரண்டு பக்கத்து ஆட்களையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடக்கத்தன்று தீயணைப்பு நிலைய முற்றத்தில் கடைசி அழைப்பு. எங்கள் பக்கம் வயர்லெஸ்காரர்கள் யார் செத்தாலும் இது உண்டு. எல்லாக் கையடக்கக் கருவிகளையும் அணைத்துவிடுவார்கள். வண்டிகளின் ஒலிபெருக்கி மட்டும் இருக்கும். கட்டுப்பாட்டு அறை பெயரை மூன்று முறை கூப்பிடும். பதில் வராது. அந்தப் பதில் வராத நேரத்துக்காகத்தான் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பனியில் நிற்பது.

"நாற்பத்தேழு," என்றாள் நோரீன். காற்று. "நாற்பத்தேழு." மூன்றாவது முறை: "நாற்பத்தேழு, பதில் சொல்லு."

டிக், டிக்.

பக்கத்தில் நின்ற டெல்பர்ட்டின் தோளை நான் பிடித்துக்கொண்டேன். நோரீன், "நாற்பத்தேழு பணி முடித்தார். இனி நாங்க பாத்துக்கிறோம்" என்று முடித்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இல்மாவின் கருவி ஆம்புலன்ஸுக்குள் மின்னேற்றியில் நின்றிருந்தது. அவள் குழுவில் ஒருவரும் அதைத் தொடவில்லை என்றார்கள்.

"ஷெரீப் கார் ஒண்ணு கதவத் தொறந்து போட்டு நின்னுது," என்றான் டெல்பர்ட் வழியில். "அந்த அலைவரிசையில எவனோ கை தெரியாமப் பட்டிருப்பான்."

"இல்மாடா."

"சரி. பதிவு இருக்கும்ல. எந்தக் காதுல வருதுன்னு கேட்டாத் தெரிஞ்சிடும். ஆனா நீதான் மோனோவுக்கு மாத்திட்டியே. அதுல எந்தப் பக்கம்னு யாராலயும் சொல்ல முடியாது."

அன்று காலை கறுப்புக் கோட்டும் ஒற்றைக் காலுறையுமாகத் துணி அறைக்குப் போய் நான் ஸ்டீரியோவுக்குத் திருப்பியிருந்தேன். அவளுடைய அமைதிக்கு நடுவில், எங்கோ மாடு ரோட்டில் நிற்கிறது என்று எந்தக் காவலனும் பேசிவிடக் கூடாது. இடது காதில் அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். கட்டத்தை அழுத்தினது ஞாபகம் இருக்கிறது. ஒலிபரப்பை நிறுத்தித் தொடங்கினேனா என்று ஞாபகம் இல்லை. டெல்பர்ட்டிடமும் அப்படியே சொன்னேன்.

அதனால் நான் கேட்கவில்லை. ஏப்ரலில் கேட்கவில்லை, மே மாதம் கேட்கவில்லை. மோனோ என்றால் ஒன்றும் தெரியாது. வலது காது என்றால் அவள் இல்லை. கேட்காதவரை அவள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கலாம். சொன்னேன். கோடை முழுக்கக் காபிக்கடையில் சொன்னேன்.

அந்த இணையதளம் பதிவுகளை நூற்றெண்பது நாள்தான் வைத்திருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில், கடைசி நாள் மதியம், டெல்பர்ட் தன் சொந்தத் தலையணிக் கருவியோடு வந்து கதவைத் தட்டினான்.

"நாளைக்கு அது இருக்காது," என்றான்.

"இல்லாமப் போகட்டும்."

"இறக்கி வச்சுக்கவாவது செய்யேன்டா."

"வச்சா ஒரு நாள் கேட்டுத் தொலைக்கணும்."

"மார்ச்ல ரெண்டு டிக்னு சொன்ன. ஜூலைல ஹலோன்னு சொன்னாங்கற. போன வாரம், அடுப்ப அணைச்சியான்னு கேட்டாளாம். இப்படியே போனா கிறிஸ்துமஸுக்குப் பாட்டே பாடிருவா. எனக்கு இல்மாவ நாப்பது வருஷமாத் தெரியும். அந்த ரெண்டு டிக் போதும்டா அவளுக்கு."

நான் வழிவிட்டேன்.

துணி அறையில் ஒரே ஒரு முக்காலி. அவன் உட்கார்ந்தான். நான் உலர்த்தும் இயந்திரத்தில் சாய்ந்து நின்றேன். உள்ளே ஒருவனுடைய துணி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, பொத்தான்கள் தட்டின. டெல்பர்ட் தேதியைத் தேடினான். பதிவுகள் அரை மணி அரை மணியாக அடுக்கியிருந்தன. பதினொன்றரை மணித் துண்டை எடுத்து, காதில் மாட்டி, கண்ணை மூடினான்.

அவன் முகத்தையே பார்த்தேன். கம்பத்தில் ஏறுகிறவன் முகம், எதுவும் காட்டாது. உதடு மட்டும் நோரீனோடு சேர்ந்து மூன்று முறை அசைந்தது. பிறகு அசையவில்லை.

அவன் கருவியைக் கழற்றினான். திருப்பிப் போட்டு, இடதை வலதில் மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டான். உதடு மூன்று முறை அசைந்தது. அவன் கை தானாக எழுந்து வலது காதைத் தொட்டது.

கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டது. அப்புறம் கருவியை விரித்து, இடது என்பதற்கு எல் என்று எழுதியிருந்த பக்கத்தை மட்டும் என் பக்கம் நீட்டினான்.

"அடுப்பப் பத்தியெல்லாம் ஒண்ணும் கேக்கலடா," என்றான். "ரெண்டே ரெண்டு டிக். ஆனா அவ பக்கத்துலதான். வந்திருக்கா."