யார் பறித்த கூடை

வெண்டைக்காய் பறிப்பவர்களுக்கு விடிந்தது கண்ணில் தெரிவதற்கு முன்னால் கையில் தெரிந்துவிடும். பனி காயாத செடியின் சுணை விரல் இடுக்குகளில் ஏறி, மணிக்கட்டு வரை அரிப்பெடுக்கும். கிழிந்த துணியை விரல்களில் சுற்றிக்கொண்டு, இடுப்பை மடக்கி, காயின் நுனியை லேசாக வளைத்துப் பார்த்து, முற்றாததைக் காம்போடு அறுத்து, இடுப்பில் கட்டிய சாக்குப் பையில் போட வேண்டும். பை நிறைந்தால் வரப்பிலிருக்கும் கூடையில் கொட்ட வேண்டும். நிமிரக்கூட நேரமில்லாமல் அடுத்த செடி. வெயில் ஏறிவிட்டால் காய் வாடும். வாடினதைக் கடைக்காரன் தொடமாட்டான்.

அந்தத் தோட்டத்தில் இப்படிக் குனிந்தவர்களில் ஒருத்திக்கு 'சிஐடி' என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், வேறு இரண்டு மருந்துக் கடைகளில் விசாரித்த பிறகுதான் விழுங்குவாள். "சாப்பிட்டியாக்கா?" என்று யாராவது அக்கறையாகக் கேட்டால், 'இவ எதுக்கு இதைக் கேக்கிறா?' என்று அரை நாள் யோசிப்பாள். கல்யாணமான புதிதில் கணவன் ஆசையாக ஒரு குடை வாங்கி வந்தபோது, "என்ன தப்புப் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டவள் அவள்.

அவளுடைய சந்தேகம் அதுவரை யாரையும் கடித்ததில்லை. தோட்டத்துக்குக் கைப்பேசி வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது.

தோட்டம் ஒன்றும் பெரியதில்லை. வெண்டை, கத்தரி, பீன்ஸ் பாத்திகள், பிளாஸ்டிக் கூரை வேய்ந்த ஒரு வெள்ளரிக் கூடாரம், காய் தரம் பிரிக்கும் தகரக் கொட்டகை, அதையொட்டி முதலாளியின் சின்ன ஆபீஸ் அறை. முன்பெல்லாம் காலையில் கொட்டகை வாசலில் நின்று பேசித்தான் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். "உனக்கு முதுகு பிடிச்சிருக்கு, நீ கொட்டகையில உக்காரு, உன் வரிசையை நான் பாத்துக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னால் அதோடு தீர்ந்தது. முதலாளியும் கூடவே குனிந்து பறித்த காலம் ஒன்று இருந்தது.

ஒரு நாள் அவர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே தோட்டத்து வேலையெல்லாம் ஆப்புல வரும்."

"யாருக்குங்க ஆப்பு? எங்களுக்கா?" என்றாள் வம்பு. வாயைத் திறந்தால் வம்புதான் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"எந்தப் பாத்தியில என்னிக்கு விதை, என்னிக்கு உரம், என்னிக்கு மருந்து, எந்தக் கூடை எங்கேர்ந்து வந்துச்சு, எல்லாம் அதுல ஏறிடும். பெரிய கடைங்க அதைக் கேக்குறாங்க. இல்லைன்னா காயே வேண்டாங்குறாங்க. உங்களுக்கும் நல்லதுதான். யாருக்கு என்ன வேலைன்னு சண்டையே வராது."

"இப்ப யாரு சண்டை போட்டா?" என்று சிஐடி கேட்டாள்.

அவர் அது காதில் விழாதது போல, கைப்பேசியைச் சின்னவளின் கையில் கொடுத்தார். சின்னவள் சிஐடியின் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. எழுத்துகளை வேகமாகத் தட்டுவாள் என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு ஸ்டிக்கரும் கொடுத்தார். நிரப்பிய கூடையில் அவரவர் ஸ்டிக்கரை ஒட்டி எடை மேடையில் வைக்க வேண்டும். "கணக்கு குழம்பாம இருக்கத்தான்" என்றார்.

அன்றிலிருந்து காலையில் சின்னவள் திரையைப் பார்த்து வாசிப்பாள், மற்றவர்கள் போவார்கள். அவளுக்குக் கொட்டகை நிழலில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அந்த நாற்காலியைச் சிஐடி பாத்தியில் குனிந்தபடியே பல தடவை பார்த்தாள்.

பிறகு முதலாளிக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. டவுனுக்குப் போயிருந்த மனிதர், திரும்பி வந்ததும் நெட்டையிடம், "நேத்து மதியத்துக்கு மேல ஏன் மந்தம்?" என்று கேட்டார். நெட்டை உயரமான பெண். குனிந்து பறிப்பது மற்றவர்களைவிட அவளுக்கு இரட்டை வேதனை. அவள் முகம் சுருங்கிப் போனது. இன்னொரு நாள், தண்ணீர் பாய்ச்சும் மோட்டார்காரரிடம், "தண்ணி ஓடிட்டே இருந்துச்சு, வால்வைத் திருப்ப ஆளைக் காணோம். மரத்தடி சுகமா இருந்துச்சோ?" என்றார். மோட்டார்காரருக்குக் கால் வீங்கியிருந்தது. மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்தது உண்மைதான். அப்போது பக்கத்தில் காக்கைகூட இல்லை.

ஒரு வாரம் கழித்து முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

"நான் என்னங்க பண்ணட்டும்? சிஸ்டம் உங்க பேரைச் சிவப்பாக் காட்டுது."

"இத்தனை வருஷமா எனக்கு வேலை சொன்னது நீங்களா, சிஸ்டமாங்க?"

முதலாளி கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் பதில்.

"யாரோ போட்டுக் குடுக்குறாங்க" என்று வம்பு கிசுகிசுத்தாள்.

யாரோ என்ன யாரோ? சிஐடிக்குத் தெரியும். வீட்டில் அவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அன்று சாயங்காலம் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுச் சுவரோடு காதை வைத்தாள். அந்தப் பக்கம் சின்னவள் தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க... அவங்கதாங்க... நான் பாத்தேங்க..."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் பாத்திக்குப் பாத்தி செய்தி பரவியது. சின்னவள் வந்தால் பேச்சு நின்றது. டீ பாத்திரம் கைமாறி வரும்போது அவளைத் தாண்டிப் போனது. நெட்டை மட்டும் ஒரு தடவை, "பாவம்க்கா, அவ அப்படிப்பட்டவ இல்ல" என்றாள். "உனக்கு உலகம் தெரியாது" என்று சிஐடி அவள் வாயை அடைத்தாள். யார் சிவப்பு, யார் மஞ்சள், அடுத்தது யார் என்று ஒருவர் கூடையை ஒருவர் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். தண்ணீர் குடிக்கக்கூட யாரும் வரிசையை விட்டு வரவில்லை. அடுத்தவளுக்கு முதுகு வலித்தால் அது அவள் பாடு என்றானது.

அப்படி ஒரு காலையில் சின்னவள் வாசித்தாள். "வெள்ளரிக் கூடாரம். பறிப்பு. நெட்டை, வம்பு, பெரியக்கா."

பெரியக்கா என்றால் சிஐடிதான். வீட்டில் கூப்பிடும் பழக்கம், தோட்டத்திலும் சின்னவள் வாயில் அதுதான் வந்தது. சிஐடி அதற்குக்கூடத் தலையசைக்கவில்லை.

கூடாரத்துக்குள் காற்றில்லை. பிளாஸ்டிக் கூரைக்கடியில் ஈரப்புழுக்கம் கனத்தது. இலைகள் நனைந்திருந்தன. மூக்கில் ஏதோ நெடி ஏறியது. வேறொரு நாளாக இருந்தால் சிஐடி வாசலிலேயே நின்று, இது என்ன, எப்போது அடித்தது என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். அன்று அவள் கவனமெல்லாம் வெளியே இருந்தது. சின்னவள் வாசலுக்கருகில் நின்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். 'யாருக்கு எழுதறா? யாரைப் பத்தி எழுதறா?' பிளாஸ்டிக் மறைப்பின் வழியே அவளையே பார்த்தபடி சிஐடி கை போன போக்கில் பறித்தாள்.

உச்சிக் கொடியில் காய்த்தவற்றை நெட்டைதான் எட்டிப் பறிப்பாள். நனைந்த இலைகளுக்குள் முகத்தை நுழைத்து நுழைத்துப் பறித்தவள், திடீரென்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் தேய்த்தாள். "அக்கா, கண்ணு எரியுதுக்கா" என்றாள். அடுத்த நொடி குடலைப் பிடுங்குவது போல வாந்தியெடுத்து, கூடையின் மேலேயே சாய்ந்தாள்.

சிஐடி கூச்சலிட்டாள். வம்பு தடுமாறி வெளியே ஓடினாள். உள்ளே ஓடி வந்தது சின்னவள். கைப்பேசி எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. நெட்டையின் கக்கத்தில் கை கொடுத்து, "காலைப் பிடிங்கக்கா!" என்று கத்தினாள். இருவரும் இழுத்து வந்து வெளியே கிடத்தி, குழாய்த் தண்ணீரை முகத்தில் விட்டுக் கழுவினார்கள். முதலாளி ஓடி வந்தார்.

"உள்ள மருந்து அடிச்சிருக்கா?" என்று சின்னவள் அவரிடம் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் நான்தான் அடிச்சேன். இவங்களை உள்ள அனுப்ப யாரு சொன்னா?"

"நீங்கதாங்க! போன்ல கூடாரம் பறிப்புன்னு வந்துச்சு. மருந்து அடிச்சா கூடாரம் பூட்டுன மாதிரி காட்டும்னு சொன்னீங்க. காட்டலையே!"

"கடைக்காரன் வெள்ளரி கேட்டு உயிரை எடுத்தான். அதனால அந்தப் பூட்டை நான்தான் எடுத்துட்டேன். ரெண்டு வரிசைதானே, ஒண்ணும் ஆகாதுன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "போன்ல 'சரி பார்த்துட்டேன்'னு அமுக்குனது உன் கை. நீ பாத்திருக்கணும். இது உன் பொறுப்பு."

காய் ஏற்ற வந்த வண்டியில் நெட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் வீட்டு வாசல் குழாயடியில் சின்னவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அலசினாலும் நெடி போகவில்லை. சிஐடி வாளியோடு வந்து எதிரில் நின்றாள். சந்தேகத்தைக் கேட்பது அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. இப்போது வாளியை இரண்டு தடவை கை மாற்றிய பிறகுதான் கேட்டாள்.

"அன்னிக்கு முதலாளிகிட்ட என்ன சொல்லிட்டிருந்த? நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். "கேட்டீங்களா? முழுசாக் கேட்டீங்களா? மோட்டார்காரர் சும்மா உக்காரலைங்க, காலு வீங்கியிருந்துச்சு, நான் பாத்தேங்கன்னு கெஞ்சிட்டிருந்தேன். நெட்டைக்கு முதுகு வலி, அவங்கதாங்க குனிஞ்சே கஷ்டப்படறாங்கன்னேன். அந்த ஆளு கேக்கணுமே!"

"அப்ப அவருக்கு எப்படித் தெரியுது?"

"வால்வுல ஒரு டப்பா மாட்டியிருக்கார், பாக்கலையா? திருப்பலைன்னா அது சொல்லும். நீங்க ஸ்டிக்கர் ஒட்டி மேடையில வைக்கிறீங்களே, எந்தக் கூடை எப்ப வந்துச்சு, அடுத்தது எவ்வளவு நேரம் கழிச்சு வந்துச்சுன்னு அதுவே போய்ச் சொல்லிடுது. எனக்கே நேத்துதான் விளங்குச்சு. நாம வைக்கிற ஒவ்வொரு கூடையும் நம்ம மேலயே கோள் சொல்லுதுக்கா. என் பேரும் அதுல சிவப்புதான்."

சிஐடி வாளியைக் கீழே வைத்தாள். உலகத்தையே சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவளைக் குறி வைத்திருக்கிறாள். கூடாரத்துக்குள் அந்த நெடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நெட்டை இப்போது தன் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். எதிரில் உட்கார்ந்து, சின்னவளின் துணியின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தாள்.

"வம்பைக் கூப்பிடு. எல்லாரையும் கூப்பிடு. மோட்டார்காரர் வீட்டுக்கும் ஆள் அனுப்பு" என்றாள்.

குழாயடியில் கூட்டம் சேர்ந்தது. வேலைக்கே போகக் கூடாது என்றாள் ஒருத்தி. போகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார் என்றாள் இன்னொருத்தி. வம்புதான் தன் பையிலிருந்து ஸ்டிக்கர் கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இதை ஒட்டலைன்னா அது யாரைப் பத்திக் கோள் சொல்லும்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

மறுநாள் இருட்டுப் பிரிவதற்குள் முதலாளி சிஐடியைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் கைப்பேசி இருந்தது.

"அவளை நிறுத்திட்டேன். கவனக்குறைவு. உங்களை மாதிரி எதையும் ரெண்டு தடவை பாக்குற ஆளுதான் இதுக்குச் சரி. நிழல்லயே உக்காந்துக்கலாம். யாரு எப்படின்னு எனக்கு அப்பப்ப சொன்னாப் போதும்."

"இவ்வளவு நல்ல வேலையை எனக்கு எதுக்குங்க குடுக்குறீங்க?"

"உங்க மேல நம்பிக்கை."

"எனக்கு உங்க மேல இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, கை விரல்களில் துணியைச் சுற்றியபடி அவள் பாத்தியில் இறங்கினாள். நிறுத்தப்பட்ட சின்னவள் ஏற்கெனவே அங்கே குனிந்திருந்தாள்.

அன்று யாரும் யார் கூடையையும் எட்டிப் பார்க்கவில்லை. கை ஓயாமல் பறித்தார்கள். முடியாதவள் வரப்பில் உட்கார்ந்தாள், அவள் செடிகளைப் பக்கத்து வரிசைக்காரி பறித்தாள். வெயில் ஏறுவதற்குள் கூடைகள் எல்லாம் எடை மேடைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றில்கூட ஸ்டிக்கர் இல்லை. காய்களைக் கொட்டிக் கலந்து மறுபடியும் நிரப்பியிருந்தார்கள்.

"இது யாரு பறிச்ச கூடை?" என்றார் முதலாளி.

"எங்க கூடைங்க."

"அது?"

"அதுவும் எங்களுதுதான்" என்றாள் வம்பு. "எந்தப் பாத்தின்னு வேணா கேளுங்க, சொல்றோம். வெண்டைப் பாத்தி. கடைக்காரருக்கு அது போதும். எவ கை பறிச்சதுன்னு தின்னுறவங்க கேக்கமாட்டாங்க."

"விளையாடுறீங்களா? வண்டி நிக்குது!"

"நிக்கட்டுங்க" என்றாள் சிஐடி. "மருந்து அடிச்சா எங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். நாங்க சரின்னு சொன்ன பிறகுதான் உள்ள போவோம். நெட்டை ஆஸ்பத்திரியில இருக்கறது உங்க பொறுப்பு, சின்னவ பொறுப்பில்ல. அவளும் மோட்டார்காரரும் வேலைக்கு வரணும்."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது? யாரு தலைவி?"

கேட்டைத் திறந்துகொண்டு மோட்டார்காரர் நொண்டியபடி வந்து பெண்களோடு நின்றார். முதலாளி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போனார். யாரைக் கூப்பிடுகிறார்? வேறு ஆட்களையா? போலீஸையா? சிஐடி ஆபீஸ் கதவையே பார்த்தாள். வண்டிக்காரர் ஒலிப்பானை அழுத்தினார். வெயில் கொட்டகை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. காய் வாடக் கூடாதே என்று பெண்கள் கூடைகளை நிழலுக்கு நகர்த்தி, நனைத்த சாக்குகளை மேலே போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். தங்கள் கை பறித்த காய் அல்லவா?

வெகு நேரம் கழித்து முதலாளி கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"யாராவது ஒரு ஆள் உள்ள வாங்க. பேசலாம்."

எல்லாரும் எழுந்தார்கள்.

"ஒரு ஆள்னு சொன்னேன். ரூம்ல இத்தனை பேருக்கு இடம் ஏது?"

சின்னவளின் தோளில் கையை ஊன்றி நிமிர்ந்தபடி சிஐடி சொன்னாள்:

"அப்ப நீங்க வெளியில வாங்க."