ஆர்டிஸின் முள்பாத்தி

இலையைத் திருப்பிப் பார். அடியில் வெள்ளையாக இருந்தால் விட்டுவிடு, பச்சையாக இருந்தால் பிடுங்கு. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது ஆர்டிஸ் தன் கணவனுக்குச் சொன்னது அவ்வளவுதான். கேட்கும்போது குழந்தைகூடச் செய்துவிடும் போலிருந்தது. கார் கொட்டகைக்குப் பின்னால் அவளுடைய முட்செடிப் பாத்தியில் மண்டியிட்டபோதுதான் வெர்லினுக்குத் தலை சுற்றியது. ஒரு இலையின் அடி வெள்ளை, சந்தேகமில்லை. அடுத்த இலையைப் பச்சை என்றும் சொல்லலாம், சாம்பல் என்றும் சொல்லலாம். மூன்றாவதில் பனி ஈரம் மின்னியதில் எதுவுமே தெரியவில்லை.

அவர் கைக்கு மட்டும் குழப்பமில்லை. முள்ளைக் கண்டதும் அது தானாக மண்வெட்டியைத் தேடிப் போயிற்று. இருபத்தெட்டு வருஷம் மாவட்டக் களை அதிகாரியாக இருந்தவரின் கை அது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்த மூலையில் சோயா வயலிலோ சாலையோரத்திலோ ஒரு முட்செடி தலைநீட்டினால் போதும், நிலத்துக்காரருக்கு அவர் கடிதம் போய்விடும்: ஐந்து நாளில் வெட்டுங்கள், இல்லையேல் நாங்கள் வந்து வெட்டிச் செலவை உங்கள் வரியில் சேர்ப்போம். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும், திருச்சபையில் அவர் பக்கத்தில் உட்கார்பவர்கள் காற்சட்டையில் ஒட்டிய விதையைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

அப்படிப்பட்டவரின் மனைவிக்குத்தான் இந்த ஆசை வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் இரயில் பாதைக் கரையில் நடந்தவள், கைக்குட்டையில் மூன்று பூத்தலைகளை முடிந்துகொண்டு வந்தாள்.

"இது வந்தேறி முள்ளு இல்ல வெர்லின். நம்ம முன்னோருங்க வந்து இறங்கறதுக்கு முன்னாடியே இந்தப் புல்வெளியில இருந்தது. மஞ்சக் குருவி இதோட பஞ்சு வர்ற வரைக்கும் காத்திருந்துதான் கூடு கட்டும். நீ இதையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்க."

"முள்ளுன்னா முள்ளுதான்" என்றார் அவர். ஆனால் தடுக்கவில்லை.

முதல் பனி விழுவதற்கு முந்தின நாள் அவள் விதைத்தாள். குளிர் முழுக்கப் பனிக்கடியில் கிடந்தால்தான் அந்த விதைக்கு உறக்கம் கலையுமாம். முதல் வருஷம் தரையோடு படிந்த இலைகள் மட்டுமே. உரம் போடாமல், வெயில் காய்ந்தால் மட்டும் தண்ணீர் காட்டி, அவள் காத்திருந்தாள். இந்த வருஷம்தான் தண்டு எழுந்து ஆள் உயரத்தைத் தாண்டிற்று. மொட்டு வைக்கும் நேரத்தில் அவள் படியில் சறுக்கி விழுந்தாள். செடி பூத்து விதைத்ததும் செத்துவிடும். அவளுக்கு வாய்த்திருந்தது இந்த ஒரு பூப்புதான். வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்கு வரும்போது அது அங்கே நிற்க வேண்டும். வெர்லினிடம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

திங்கட்கிழமை காலை, தபால் பெட்டியருகே பக்கத்து நிலத்துக் கேலன் தன் வண்டியை நிறுத்தினான். நாற்பத்தைந்து வயது. யாருக்கு என்ன உதவி வேண்டுமென்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுகிற மனிதன்.

"ஆர்டிஸ் எப்படி இருக்காங்க?"

"ரொம்ப மோசமில்ல. கம்பியைப் பிடிச்சு இருபதடி நடந்தா."

"நல்லது, நல்லது." கேலன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். கண்ணில் சிரிப்பு. "உங்க கொட்டகைக்குப் பின்னாடி என்னவோ ஒசரமா நிக்குதே வெர்லின். என் கண்ணுதான் கோளாறோ? எங்கப்பாவுக்கு நீங்க எழுதின கடுதாசி இன்னும் எங்க சமையலறையில ஒட்டியிருக்கு, தெரியுமில்ல?"

வெர்லினின் காது சிவந்தது. அவை ஆர்டிஸின் செடிகள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. அதற்குப் பதில் வாயில் வந்தது வேறு.

"அதுவா... இன்னும் கை வைக்க நேரம் கிடைக்கல."

"அதான பாத்தேன்!" என்று சிரித்துக்கொண்டே கேலன் கிளம்பினான். பொய் சொன்னோமா என்று வெர்லினுக்கே விளங்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நாள் முழுக்கச் செருப்புக்குள் கல் போல அது உறுத்திற்று.

புதன்கிழமை ஆர்டிஸைப் பார்த்துவிட்டு அவர் திரும்பியபோது மணி ஐந்து. வாசல் புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. கூரை ஓடையில் அடைந்திருந்த சருகு இல்லை. ஆர்டிஸ் பிடித்து ஏற வசதியாக வாசற்படிக்குப் புது மரக் கைப்பிடி. படியில் அலுமினியத் தாள் மூடிய பாத்திரம், இன்னும் சூடாக. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டது. பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் ட்வைலா என்று பெயர். ட்வைலா கேலனின் மனைவி. வெர்லினுக்குக் கண் கலங்கியது. பிறகு பாத்திரத்தின் மேலிருந்த சீட்டைப் படித்தார்.

"வெர்லின், உங்களுக்கு நேரம் இல்லைன்னு சொன்னீங்க. சபையிலிருந்து ஏழு பேர் வந்தோம். முள் ஒண்ணுகூட விடல. ஆர்டிஸ் சுத்தமான வீட்டுக்கு வரட்டும்."

கையில் பாத்திரத்தோடு கொட்டகைக்குப் பின்னால் போனார். கறுத்த மண். முள்வாரியால் வரிவரியாகச் சமன் செய்திருந்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

சமையலறை மேசை முன் உட்கார்ந்து, பழக்கத்தால் தலை குனிந்து உணவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். "ஆண்டவரே, இந்த உணவுக்கும் இதைத் தந்த கைகளுக்கும்..." அங்கே நின்றுவிட்டது. தந்த கைகளும் பிடுங்கிய கைகளும் ஒன்றாக இருந்தால் என்ன சொல்லி ஜெபிப்பது? கோபம் வந்தது, புதுக் கைப்பிடி ஞாபகம் வந்ததும் கோபம் போக இடமில்லாமல் திரும்பி அவர்மேலேயே வந்து உட்கார்ந்தது. மான் தின்றுவிட்டது என்று ஆர்டிஸிடம் சொன்னால்? முள்ளை எந்த மான் தின்னும்! கேலன்தான் செய்தான் என்றால்? ஆமாம், அவன்தான் செய்தான். ஆனால் அது உண்மையா?

நல்லவர்கள் செய்கிற தவறில் பாதி, மற்ற நல்லவர்கள் வாய் திறக்காததால் வருகிறது. வெர்லினுக்கு அன்று இதெல்லாம் தெளிவாகப் படவில்லை. அவருக்கு உதித்தது வேறொன்று, தொழிலில் கற்றது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விவசாயிகளிடம் அவர் சொல்லி வந்த எச்சரிக்கை: வெட்டிப் போட்டதும் முள் செத்தது என்று நினைக்காதீர்கள், மலர்ந்த பூத்தலை தரையில் கிடந்தபடியே விதையை முற்றவைத்துவிடும், மூட்டை கட்டி எரியுங்கள்.

எரியுங்கள்! நாற்காலி சாய, எழுந்து வண்டிக்கு ஓடினார்.

கேலனின் இயந்திரக் கொட்டகை வாசலில் எட்டுச் சாக்குகள் கிடந்தன. பக்கத்தில் எரிக்கும் பீப்பாய். கேலன் காற்று தணியக் காத்து நின்றான். வெர்லினைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நன்றி சொல்லவா இவ்வளவு வேகமா வந்தீங்க? அதெல்லாம் வேணாம். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மூட்டை கட்டியாச்சு, பாருங்க."

வீட்டிலிருந்து வந்த ட்வைலா வெர்லினின் கையைப் பார்த்தாள். "ஏன், பாத்திரத்தை அப்படியே கொண்டாந்துட்டீங்க? உப்பு கூடிடுச்சா?"

பாத்திரம் கையில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "உப்பு சரியா இருக்கும்... இன்னும் சாப்பிடல... கேலன், அது ஆர்டிஸ் வளர்த்தது."

"எது?"

"முள்ளு. விதை போட்டு, ரெண்டு வருஷமா வளர்த்தா. இந்தப் பக்கத்துச் சொந்தப் பூவாம். வெள்ளிக்கிழமை வந்து பாக்கணும்னு இருந்தா."

கேலன் தொப்பியைக் கழற்றினான். "நேரம் இல்லைன்னுதான சொன்னீங்க?"

"சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

"முள்ளு வளர்க்கறதுக்கா?"

"நான் வளர்க்கறதுக்கு."

ட்வைலா பாத்திரத்தை வாங்கி வண்டியின் முகப்பில் வைத்தாள். "சரி, நிக்கறதுல என்ன இருக்கு? சாக்கை அவுருங்க. கேலன், தோல் கையுறை எடுத்துட்டு வா. பாவி மனுஷா, பூவை மூட்டை கட்டியிருக்க!"

கொட்டகைத் தரையில் எட்டுச் சாக்கையும் கவிழ்த்தார்கள். வேலியோரத்துக் காளைமுள், கனடா முள் என்ற வந்தேறிக் களைகளும் ஆர்டிஸின் செடியும் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வெயிலில் வாடி இலைகள் சுருட்டிக்கொண்டிருந்தன. வெர்லின் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: அடி வெள்ளை என்றால் வை, பச்சை என்றால் எரி.

ட்வைலா ஒரு இலையைப் பிரித்துக் காட்டினாள். "இது?"

"தெரியல."

"இது?"

"அது... இரு. தெரியலம்மா."

"இருபத்தெட்டு வருஷமா என்னதான் பாத்தீங்க?"

"மேல்பக்கத்தை" என்றார் வெர்லின்.

கேலன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். வெர்லினும் சிரித்தார், சிரித்த பிறகு, சிரிக்கலாமா என்று தோன்றியது. தண்டைத் தடவிப் பார்க்கலாம் என்று ட்வைலாதான் கண்டுபிடித்தாள். காளைமுள்ளுக்குத் தண்டெல்லாம் முள் வரிசை. ஆர்டிஸின் செடிக்குத் தண்டு வழவழப்பு. கனடா முள்ளை அதன் பொடிப் பூவே காட்டிக் கொடுத்தது. அதன் பிறகு வேலை ஓடிற்று. மொட்டாக வெட்டுப்பட்டவை இனி முற்றா, அவற்றை வெர்லின் ஒதுக்கினார். மலர்ந்து சில நாளானவை பதினொன்று தேறின. வெளிர் ஊதாப் பூக்கள், ஓரம் நசுங்கியவை. வாளியில் தண்ணீர் விட்டு நிறுத்தினார்கள்.

"இது முளைக்குமா?" என்றான் கேலன்.

"சிலது முளைக்கலாம். சொல்ல முடியாது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாம இருந்து, வந்ததும் காட்டலாமே?"

அந்த யோசனை வெர்லினை ஒரு கணம் இழுத்தது. பிறகு தலையை ஆட்டினார். "நாளைக்கே போய்ச் சொல்லணும். சொல்லாம இருந்ததுதான் இவ்வளவும்."

"நானும் வர்றேன்."

மறுநாள் ஆர்டிஸ் சன்னலருகே சக்கர நாற்காலியில் இருந்தாள். கேலன் வாளியோடு நுழைந்து, "ஆர்டிஸ், தப்பு என்னோடது..." என்று ஆரம்பித்தான். வெர்லின் அவன் தோளைத் தொட்டு நிறுத்தி, தபால் பெட்டியில் தொடங்கி எரிக்கும் பீப்பாய் வரை ஒன்று விடாமல் சொன்னார். ஆர்டிஸ் வாளியைத் தன் பக்கம் இழுத்து ஒரு பூவை விரலால் தடவினாள். கண்ணில் நீர் நின்றது. விழவில்லை.

"கேலன், எவ்வளவு ஆழம் கொத்தினீங்க?"

"ஒரு அடி. வேர் விடக்கூடாதுன்னு..."

"அப்ப மண்ணு பொலபொலன்னு இருக்கும். விதைக்கும்போது எனக்குக் குனிஞ்சு கிளற வேண்டியதில்ல. பனி விழறதுக்கு முன்னாடி வந்து தூவிக் குடு. கைப்பிடி வேற போட்டியாமே, உனக்குப் புண்ணியம்." பிறகு கணவனைப் பார்க்காமல் சொன்னாள்: "உன்கிட்ட அப்புறம் பேசறேன். இப்ப தண்ணி மாத்திக் கொண்டா. இது கலங்கிடுச்சு."

பூக்களை அவள் மடியில் கொடுத்துவிட்டு, வெர்லின் வாளியோடு வெளியே வந்தார். மன்னிப்பா, தண்டனையா என்று அவருக்குப் புரியவில்லை. குழாய் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் புரியவில்லை. நடைக்கூடத்தின் கடைசி வரை தவறான பக்கம் போய்த் திகைத்து நின்றபோது, இளம் செவிலி ஒருத்தி வழிமறித்தாள்.

"என்ன தேடறீங்க?"

"தண்ணி. என் மனைவி முள்ளு வளர்க்கறா. அதோட பூவுக்கு."

"முள்ளா? எங்கப்பா பாத்தா உடனே வெட்டிடுவாரே!"

"உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் வெர்லின். "அவர்கிட்ட நான் கொஞ்சம் பேசணும்."

அவள் சிரித்துக்கொண்டே வாளியை வாங்கிக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள்.