கடலுக்கு அப்பால் ஒன்று, மரத்தடியில் ஒன்று

தேவசிகாமணி மாஸ்டருக்குப் பெற்ற மகளின் பெயரே மறந்துபோயிருந்தது. மனைவி ஜெயகுமாரியைச் சில நாள் அக்கா என்று கூப்பிட்டார். சில நாள் வீட்டு வேலைக்கு வந்த யாரோ என்று நினைத்து, "இருட்டப்போவுது, போய்ட்டு நாளைக்கு வாம்மா" என்று வழியனுப்பப் பார்த்தார். சேலத்து டாக்டர் இனி இப்படித்தான் என்று கையை விரித்துவிட்டார். ஆனால் இரண்டு என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் மட்டும் மனுஷன் தவறாமல் 'ட்வெய்ன்' என்பார். இட்லி எத்தனை வைக்கட்டும் என்றால் ட்வெய்ன். காப்பிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்றால் அதற்கும் ட்வெய்ன். சர்க்கரையே கூடாது என்று டாக்டர் சொன்னதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அது முதலாம் எலிசபெத் ராணி காலத்து நாடகங்களில் வருகிற வார்த்தை. இரண்டு என்பதற்கு அந்தக் காலத்தார் வைத்திருந்த பழைய சொல். மாஸ்டர் ஏற்காட்டில் ஒரு போர்டிங் ஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். ஆண்டு விழாவுக்கு அந்தக் காலத்து நாடகம் ஒன்றை மேடையேற்றாமல் அவர் விட்டதே கிடையாது. மேடையில் 'டூ' என்றால் சப்பென்று விழுந்துவிடும், 'ட்வெய்ன்' என்றால் கடைசி பெஞ்சு வரைக்கும் மணியடித்த மாதிரி போய்ச் சேரும் என்று கல்யாணமான புதிதில் புது மனைவிக்கு விளக்கம் வேறு கொடுத்தார். ஜெயகுமாரி கரடியூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ரெண்டுன்னா ரெண்டுதானுங்க. ராணி காலத்துல சொன்னா மூணாவா ஆயிரும்?" என்று அப்போதே மடக்கினாள். நாடகங்களைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே தவிர, அந்த இங்கிலீஷ் அவளுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. ட்வெய்ன் ஒன்றுதான் தப்பிப் பிழைத்து அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்தது.

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், மாஸ்டருக்கு பிரஷர் பார்க்க நர்ஸ் தனலட்சுமி வந்திருந்தாள். ஊருக்குப் புதிது. கை பாட்டுக்குப் பட்டையைச் சுற்ற, வாய் பாட்டுக்குக் குடும்ப விவரம் கேட்டது.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க?"

இந்தக் கேள்விக்கு ஜெயகுமாரியிடம் தேய்ந்துபோன பதில் ஒன்று உண்டு. ஒரே பொண்ணு, ஆஷ்லின், அயர்லாந்துல இருக்குது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ட்வெய்ன்" என்றார். பிறகு, பல மாதமாக அவள் கேட்டிராத கணீரென்ற குரலில், இங்கிலீஷில் மேலும் சொன்னார். ஒன்று கடலுக்கு அப்பால், ஒன்று மரத்துக்கு அடியில்.

இந்த இங்கிலீஷ் அவளுக்குப் புரிந்தது. அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது! தனலட்சுமி, "சார் என்னங்க சொல்றாரு?" என்று கேட்டபோது, ஜெயகுமாரி காப்பி கலக்கப்போவதுபோல அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஆஷ்லினுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே போய்விட்டது. அவள் அப்போது ஜன்னி கண்டு, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு சேர்த்து வைக்கும் வழக்கம் அந்தப் பங்குக் கோயிலில் அன்றைக்கு இல்லை. தகப்பன் தூக்கிக்கொண்டுபோய் சுற்றுச்சுவர் ஓரமாக வைத்துவிட்டு வர வேண்டும். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. பெற்றவளுக்கு இடத்தைக் காட்டவும் மாட்டார்கள். காட்டினால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம், அடுத்தது தங்காதாம். யார் கண்டுபிடித்த சட்டமோ, கண்டுபிடித்தவன் நிச்சயம் பிள்ளை பெற்றவள் இல்லை.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை கேட்டாள். மாஸ்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனவர், விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. அவரைப் பார்த்துப் பாவப்பட்டா, பதிலுக்குப் பயந்தா என்று அவளுக்கே தெரியாது. வருஷா வருஷம் நவம்பர் பிறந்ததும் வருகிற கல்லறைத் திருநாளுக்குப் போய் மாமனார் மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, கண் மட்டும் அந்தச் சுவரோரமாக ஒரு நடை போய்விட்டு வரும். சுவர் நீளத்துக்கும் சில்வர் ஓக் மரங்கள் நின்றன. எந்த மரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இப்போது கேட்டாள். தனலட்சுமி படியிறங்கினாளோ இல்லையோ, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏனுங்க, எந்த மரமுங்க?"

அவர் குனிந்து பார்த்தார். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அதற்கே அவளுக்கு அழுகை பொங்கியது.

மறுநாள் காலையில் அவரைக் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். மேகம் இறங்கி, எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. கேட்டைத் தாண்டியதும் அவள் கையை விட்டாள். அவர் தானாக நடந்தார். சுவரோரமாகப் போய், மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக்கின் அடியில் நின்றார். குல்லாவைக் கழற்றினார். ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, உள்ளங்கையை மண்ணின் மேல் வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாமல் தொடுவதுபோல அழுத்தாமல் வைத்திருந்தார். ஜெயகுமாரி அவர் பக்கத்தில் விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சேர்த்துவைத்ததை எல்லாம் அந்த ஈர மண்ணில் அழுது தீர்த்தாள்.

அதிலிருந்து அவளுடைய அன்றாட நடப்பு மாறிவிட்டது. காலையில் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அங்கே போய்க் களை பிடுங்குவாள். வீட்டுத் தோட்டத்து டேலியாப் பூக்களை அறுத்துக்கொண்டுபோய் வைப்பாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் நெஞ்சில் இருந்த கல் ஒன்று இடம் மாறியிருந்தது. அவரிடமும் புதுப் பிரியம் வந்தது. என் பெயரை மறந்தாலும் போகட்டும், அதை மறக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வாள். அவர் அக்கா என்று கூப்பிட்டால்கூடச் சிரித்துக்கொண்டே ஏன் என்று கேட்டாள்.

ஆஷ்லினுக்கு போனில் சொன்னாள். "உனக்கு ஒரு அண்ணன் இருந்தான், கண்ணு." மறுமுனையில் ஆஷ்லின் எப்போது, எப்படி என்று கேட்டாள். பிறகு அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கி அழுதது. கல்லறைத் திருநாளுக்கு லீவு போட்டு வருகிறேன், அண்ணனுக்கு ஒரு சிலுவைக் கல் வைக்க வேண்டும், பெயர் என்ன என்று கேட்டது. யாரிடமும் சொல்லாமல் ஜெயகுமாரி மனதுக்குள் வைத்திருந்த பெயர் ஒன்று உண்டு. தாவீது என்றாள். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அக்டோபர் கடைசியில் கிங்ஸ்டன் வந்தான். மாஸ்டரிடம் படித்தவன், இப்போது அதே ஸ்கூலில் மாஸ்டர் பார்த்த வேலையைப் பார்ப்பவன். ஸ்கூல் ஜூபிலிக்கு, அந்த மேடையில் முதன்முதலில் போட்ட பழைய இங்கிலீஷ் நாடகத்தையே மறுபடி போடப்போகிறார்களாம். எழுதியவன் பெயர்கூடத் தெரியாத நாடகம்.

"அன்னைக்கிக் கூட்டமா இருக்கும், சார் பயந்துக்குவார். அதனால ஒத்திகைக்கே கூட்டிட்டுப் போலாமுங்க டீச்சர். கிழட்டு இடையன் வேஷம் அப்ப சார்தான் போட்டாராம். வேலைக்குச் சேர்ந்த மொத வருசம்."

"அது எங்க கல்யாணத்துக்கு முந்தியாச்சே. நான் பாக்கலீங்களே" என்றாள் ஜெயகுமாரி. பார்க்காததைப் பார்க்க ஆசையாகக் கிளம்பினாள்.

ஹாலில் முன்வரிசையில் இருவரையும் உட்காரவைத்து, தட்டில் முறுக்கும் டீயும் கொடுத்தார்கள். ஐஸ்வர்யா என்று ஒரு ப்ளஸ் டூ பெண்தான் இடையன். பஞ்சுத் தாடி ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், ஜெயகுமாரியும் சிரித்தாள். ராஜா வேட்டையில் வழிதவறி இடையனின் குடிசைக்கு வருகிறான். கிழவனே, உனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறான்.

"ட்வெய்ன்" என்றது தாடி.

ஐஸ்வர்யாவின் குரலோடு இன்னொரு குரலும் சேர்ந்து வந்தது. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒன்று கடலுக்கு அப்பால், ஒன்று மரத்துக்கு அடியில் என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். ஐஸ்வர்யா அட்டை மரத்தடிக்குப் போனாள். தொப்பியைக் கழற்றினாள், ஒரு காலை மடக்கி மண்டியிட்டாள், உள்ளங்கையைத் தரையில் வைத்தாள்.

"அப்ப சார் செஞ்ச மாதிரியே வருதுன்னு, அந்தக் காலத்துல இருந்து இங்க இருக்கற அட்டெண்டர் ஐயா சொன்னாருங்க. அவருதான் சொல்லிக்குடுத்தாரு" என்று கிங்ஸ்டன் காதோரம் வந்து பெருமையாகச் சொன்னான். "பாத்தீங்களா டீச்சர், எல்லாம் மறந்தாலும் சாருக்கு டயலாக் மறக்கல!"

ஜெயகுமாரி தலையாட்டினாள். அவள் கணக்கு டீச்சர். விடையைப் பக்கத்தில் யாரும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. நாடகம் முதலில், பிள்ளை பிறகு. ஆஷ்லின் கடல் தாண்டியது அதற்கெல்லாம் பிறகு. ராஜா கேட்டாலும் நர்ஸ் கேட்டாலும் இடையனுக்கு அந்தப் பதில்தான். அவர் வாயில் வந்தது அவள் பிள்ளை இல்லை. அவள் இத்தனை நாள் களை பிடுங்கியது வெறும் மண்ணில்.

பிள்ளை போனதற்கு அழுதவள் இப்போது புருஷன் போனதற்கும் சேர்த்து அழ வேண்டியிருந்தது, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கும்போதே. அழவில்லை. அவர் மேல்துண்டில் விழுந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

இரண்டு நாள் கழித்து ஆஷ்லின் வந்து இறங்கினாள். சேலத்தில் சொல்லிவைத்துச் செய்த சிலுவைக் கல்லைக் காரிலேயே மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்திருந்தாள். தாவீது என்று வெட்டிய எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவளுக்கு இந்த வயதில் ஓர் அண்ணன் கிடைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? சொல்லலாம் சொல்லலாம் என்று ஜெயகுமாரி திருநாள் சாயங்காலம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். கொத்தனார் காலையிலேயே வந்து, அவள் பூ வைத்துவந்த இடத்தில் சிமெண்டு போட்டுக் கல்லை நட்டுவிட்டும் போய்விட்டார். நிறுத்துங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தூறலும் மேகமுமாக இருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம், பூ, மெழுகு வாசனை. பங்குச் சாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஆஷ்லின் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து, புதுக் கல்லின் முன்னால் நிறுத்தினாள்.

"அப்பா, அண்ணன் பாருங்கப்பா. இங்கதான வெச்சீங்க?"

மாஸ்டர் கல்லைப் பார்த்தார். வீட்டுக்கு வருகிற தபால்காரரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, தள்ளியிருந்த வேறொரு மரத்தடிக்குப் போனார். குல்லாவைக் கழற்றி, ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, உள்ளங்கையை மண்ணில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கைதட்டலுக்குக் காத்திருப்பவர் போல அவர்களைப் பார்த்து நின்றார்.

ஆஷ்லின் அங்கே ஓடினாள். "அம்மா, இங்கயாம்மா? அப்பா இங்கன்னு காட்டறாரு. கல்லைத் தப்பா நட்டுட்டமா? எடுத்து மாத்தி வெச்சரலாமா?"

"வேண்டாங் கண்ணு."

"ஏம்மா? எதும்மா சரியான எடம்?"

"அவருக்குத் தெரியாது கண்ணு. அது அவரு ஆடுன நாடகம். நாந்தான் அதை எம் பையன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்." ஜெயகுமாரி புதுக் கல்லின் மேல் கையை வைத்தாள். "எனக்கும் தெரியாது. இனி யாருக்குமே தெரியாது."

ஆஷ்லின் திரும்பினாள். சுவர் நீளத்துக்கும் நின்ற மரங்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு வந்து, குடை பிடிக்கவும் தோன்றாமல், அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சாமியார் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டார். மெழுகுவத்தியை ஏற்றி வையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஜெயகுமாரி ஏற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்லின் முன்னால் வைக்க மனம் ஒப்பவில்லை, மரத்தடியிலும் ஒப்பவில்லை. திரி தூறலில் அணைந்துவிடாமல் மறுகையால் மறைத்து, மெழுகு விரலில் உருகி வழிய வழிய, தீரும் வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.